ஓடாத வண்டி

அன்புள்ள ஐயா,

கம்பத்தில் ஏலக்காய் வணிகம் செய்துவந்த நான், கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். கோட்டயத்தில் ஒருவர் தம் கேம்பர் வேனை விற்கிறார். டெம்போ டிராவலரில் கட்டில், சமையல் மேடை, கழிவறை, சோலார் எல்லாம் பொருத்தியது. 2016 மாடல், 21,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. 12 லட்சம் கேட்கிறார். என் மனைவிக்கு மூட்டுவலி. விடுதிக் கழிவறைகளுக்குப் பயந்தே எங்கும் வர மறுக்கிறாள். இதை வாங்கலாமா, தேவைப்படும்போது வாடகைக்கு எடுப்பது நல்லதா? சோலாரை நம்பலாமா? மகன் இதை வீண்செலவு என்கிறான்.

கம்பத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போன வாரம் எங்கள் செங்கோட்டை வீட்டில் கிணற்றடியைச் சீராக்க மண்ணைத் தோண்டியபோது துருப்பிடித்த வீல் கப் ஒன்று கிடைத்தது. அதைக் கழுவித் திண்ணையில் வைத்திருந்த நாளில்தான் உங்கள் கடிதம் வந்தது.

மகன் சொல்வதை விட்டுவிடுங்கள். அது நீங்கள் உழைத்துச் சேர்த்த பணம். சோலாரைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். வண்டி நன்றாக இருந்தால் அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு அங்கே வாடகைக்கும் இத்தகைய வண்டிகள் வந்துவிட்டன. இரண்டு இரவுக்கு ஒன்றை எடுத்துத் தங்கிப் பாருங்கள்.

ஆனால் "21,000 கிலோமீட்டர்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் "தான்" என்ற சொல் எனக்குக் கோபமூட்டுகிறது. ஈரம் தங்கிய ஏலக்காயை மூட்டையைப் பிரிக்கும்போதே மணத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறவர் நீங்கள். வண்டி என்றதும் மீட்டரைப் பார்த்து மயங்கலாமா? குறைவாக ஓடியது என்றால் நெடுங்காலம் நின்றது என்று பொருள். இடவப்பாதி, துலாவர்ஷம் என்ற பருவமழைகள் ஆண்டுக்கு இரண்டு முறை நனைக்கும் கோட்டயத்தில் நின்றிருக்கிறது. நிற்கிற வண்டியில் பேட்டரி சார்ஜ் இறங்கிச் செத்துப்போகும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் வாஷர்கள் காய்ந்து கசியும். எலி ஒயரைக் கடிக்கும். கூரையில் ஜன்னலும் சோலாரும் வைக்கத் துளையிட்ட இடங்களில் பூச்சு விரிசல் விட்டு, நீர் உள்ளே இறங்கி, கட்டிலுக்கு அடியிலுள்ள பிளைவுட் ஊறிப் பிரியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன், அதாவது தரையில் படும் மேடுகள், தேயவில்லை என்று விற்பவர் காட்டுவார். நீங்கள் அந்த எண்ணைப் படியுங்கள், பக்கவாட்டில் வெடிப்பைத் தேடுங்கள். கையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். சக்கரத்துக்கு மேலேயும் கதவுக்குக் கீழேயும் தகட்டில் அது ஒட்டாமல் நழுவினால், அங்கே துருவை மறைத்துக் கனமாகப் பட்டி பார்த்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் நான் எங்கள் வீட்டு முற்றத்திலேயே பார்த்தேன். 1991இல் அப்பா புனலூரில் ஒரு பழைய வேனை வாங்கி, ஆரியங்காவு வழியாகத் தாமே ஓட்டிக்கொண்டு வந்தார். அம்மாவை ஒருமுறை கொல்லத்துக் கடலுக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். அப்பா அந்தக் காலத்தில் பிறந்தவர். புனலூர் அவருக்குப் பக்கத்து ஊர்தானே தவிர, வேறு மாநிலம் என்பது மனத்தில் பதியவேயில்லை. விற்றவர் வண்டியின் மேல் வாங்கியிருந்த கடனை அடைக்கவில்லை, ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவரின் பெயர் அப்படியே இருந்தது. அதனால் வண்டியை வேறு மாநிலத்தில் பதியத் தேவையான தடையில்லாச் சான்று வரவில்லை. வண்டி பூவரச மரத்தடியில் நின்றது. முதல் சில மாதங்கள் அப்பா வெள்ளிக்கிழமைதோறும் அதை ஸ்டார்ட் செய்தார். பேட்டரி இறங்கிய பிறகு தெருப் பிள்ளைகள் தள்ளினார்கள். அதுவும் நின்றபின் முன்கண்ணாடியை மட்டும் துடைத்தார். ஆனி, ஆடிச் சாரலில் கூரை துருவேறியது. டயர்கள் குதிகால் பித்தவெடிப்பைப் போலப் பிளந்தன. ஓட்டுநர் இருக்கையில் கோழி அடைகாத்தது. வெயில் அடிக்கும் மாதங்களில் அம்மா அதன் கூரையில் வடகம் காயவைப்பாள். ஆறாம் ஆண்டு அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டோம். அன்று அப்பா கடைத்தெருவுக்குப் போய்விட்டு இரவில்தான் வீடு திரும்பினார். அம்மா கொல்லத்துக் கடலைப் பார்க்கவேயில்லை.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி.யை வாங்கிப் படியுங்கள். கடன் இருந்தால் முதலில் அது நீங்க வேண்டும். கோட்டயத்துப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று உங்கள் கைக்கு வர வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வண்டி இங்கே இருந்தால் தமிழ்நாட்டில் மறுபதிவு கட்டாயம். அதற்குரிய வரியையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள். உள்ளே கட்டில் கிடக்க, ஆர்.சி.யில் இன்னமும் பயணிகள் இருக்கைகளே எழுதப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். அனுமதியில்லாத மாற்றத்தைச் சட்டம் ஏற்காது, விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிடக்கூடும்.

இவை சரியாக இருந்தால் மழை பெய்யும் நாளில் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பச் சொல்லுங்கள்; நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. அந்த எடையோடு முண்டக்கயத்திலிருந்து குட்டிக்கானம் ஏற்றத்தில் நீங்களே ஓட்டிப் பாருங்கள். இஞ்சின் சூட்டையும் கிளட்சையும் அந்த ஏற்றம் காட்டிவிடும். இறங்கும்போது பிரேக் தெரியும்.

இன்னொன்று. மனைவிக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்த வேனைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பது உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் அம்மாவையும் யாரும் கேட்கவில்லை. மூட்டுவலிக்காரர் அந்த வேனின் வாசற்படியில் நாளுக்குப் பத்துமுறை ஏறி இறங்க வேண்டும். கோட்டயத்துக்கு அவரையும் அழைத்துப்போங்கள். அவர் ஏறி, கழிவறைக் கதவைத் திறந்து, உள்ளே திரும்பி உட்கார இடம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். தரையிலிருந்து அந்தப் படி எத்தனை அங்குலம் என்று அளந்து, அவர் சொன்னதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.