பூட்டிய காருக்குள் நாய்: கண்ணாடியை உடைக்கலாமா?

கத்திரி வெயில் கடிதங்களில் இந்த வாரம் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஒரு கால்நடை மருத்துவரும் ஒரு வழக்கறிஞரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: மதியம் இரண்டு மணி, மால் வாசலில் திறந்தவெளி பார்க்கிங். பூட்டிய காருக்குள் ஒரு பக் நாய் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் இரண்டு விரல் அளவு இறக்கி விடப்பட்டிருந்தது. காவலாளி, "ஓனர் இப்ப வந்துடுவாரு மேடம்" என்றார். நானும் வந்துவிட்டேன். உடைத்திருக்க வேண்டுமா? (வாசகி, வேளச்சேரி)

முதலில் அந்த இரண்டு விரல் இடைவெளியைப் பற்றிச் சொல்லிவிடலாம். அதனால் பயன் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. 2005-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பத்தை அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே கூடிவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்ததும் பெரிய வித்தியாசம் தரவில்லை. வெளியே 35 டிகிரி என்றால் அரை மணியில் உள்ளே 52-ஐத் தாண்டும். நம் ஊர் மே மாதத்தில் 35 என்பது இதமான நாள்!

நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத் திண்டுகளில் மட்டும் கொஞ்சம் வியர்வைச் சுரப்பி உண்டு. சூட்டைத் தணிக்க அதற்கு இருக்கும் பெரிய வழி மூச்சிரைப்புதான்: நாக்கிலும் மூக்கின் உள்சவ்விலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது ரத்தம் குளிரும். மூடிய காரில் அதன் மூச்சே காற்றை ஈரமாக்கிவிடுவதால் ஆவியாவது குறைந்துகொண்டே போகும். மூச்சிரைக்க உழைக்கும் தசைகளோ மேலும் சூட்டைக் கிளப்பும். நீங்கள் பார்த்தது பக். பக், புல்டாக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல். மற்ற நாய்களைவிட வெகு சீக்கிரம் கவிழ்ந்துவிடும். கொழுத்த லாப்ரடார், வயதான நாய், இதய நோயுள்ள நாய், வாய்க்கூடு மாட்டிய நாய் எல்லாம் இந்தப் பட்டியல்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். நாய் நிமிர்ந்து நின்று, கண்ணாடியைத் தட்டினால் திரும்பிப் பார்த்து, மூச்சிரைக்கிறது என்றால் உங்களுக்குச் சில நிமிடங்கள் இருக்கின்றன. அதற்குள் நான்கு கதவையும் டிக்கியையும் இழுத்துப் பாருங்கள். பூட்டாத கதவை விட்டுவிட்டுக் கண்ணாடியை உடைத்தவர்கள் உண்டு. வண்டி எண் தெரிகிற மாதிரி ஒரு படம், நாய் தெரிகிற மாதிரி ஒரு சிறு வீடியோ எடுங்கள். காவலாளியிடம் வாதாட வேண்டாம். மைக்கில் வண்டி எண், நிறம், மாடல் சொல்லி அறிவிக்கச் சொல்லுங்கள். கூடவே 112-க்குப் போன் போடுங்கள். வண்டி எண்ணை வைத்து உரிமையாளரைத் தேடிப் பிடிக்க போலீஸுக்கு வழி இருக்கிறது. நமக்கு வண்டி விவரம் காட்டும் ஆப்பில் உரிமையாளர் பெயரின் சில எழுத்துதான் தெரியும், போன் எண் கிடைக்காது.

நாய் கீழே சரிந்துவிட்டது, தட்டினால் அசையவில்லை, தள்ளாடுகிறது, வாந்தி எடுக்கிறது, கயிறு போல் கெட்டியான எச்சில் தொங்குகிறது, ஈறு செங்கல் சிவப்பாகவோ நீலம் பாரித்தோ இருக்கிறது, வலிப்பு வருகிறது. இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் காத்திருக்கும் கட்டம் முடிந்துவிட்டது. போனில் இருக்கும் காவலரிடம் "நாய் சாகக் கிடக்கிறது, கண்ணாடியை உடைக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு உடைக்கலாம். எங்கள் கருத்தில் உடைக்கவும் வேண்டும்.

கேள்வி: உடைத்தால் என் மேல் கேஸ் வராதா? (வாசகர், மதுரை)

வரவே வராது என்று எந்த வக்கீலும் எழுதித் தர முடியாது. காரில் சிக்கிய விலங்கைக் காப்பாற்றுபவருக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டப்பிரிவு கிடையாது. கார் உரிமையாளர் புகார் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 324, அதாவது பிறர் சொத்துக்குச் சேதம் விளைவித்தல் என்ற பிரிவில் வரும்.

அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 81. தீங்கு செய்யும் நோக்கம் இல்லாமல், ஆளுக்கோ சொத்துக்கோ வரவிருக்கும் வேறொரு தீங்கைத் தடுக்க, நல்லெண்ணத்தோடு செய்த செயல் குற்றமாகாது என்கிறது அது. பெரிய தீ பரவாமலிருக்க ஒருவர் வீடுகளை இடித்துத் தள்ளுவதைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. நாய் சட்டத்தின் கண்ணில் சொத்து. கேட்க என்னவோ போலிருந்தாலும் இங்கே அதுவே உங்களுக்குச் சாதகம். காப்பாற்றியது அவருடைய சொத்தைத்தான்.

'நல்லெண்ணம்' என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். மனசு நல்லதாக இருந்தால் போதாது, உரிய கவனத்தோடு செய்திருக்க வேண்டும் என்பது அதன் சட்டப் பொருள். கதவை இழுத்துப் பார்த்தது, அறிவிப்பு செய்யச் சொன்னது, 112 அழைப்பின் நேரம், நாய் கிடந்த நிலையின் வீடியோ, பக்கத்தில் நின்ற இரண்டு பேரின் போன் எண் எல்லாம் அதற்குத்தான். ஒரு கண்ணாடிக்கு மேல் உடைக்காதீர்கள். உடைத்தபின் இடத்தை விட்டுப் போகாதீர்கள். நாயை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் போலீஸிடம் சொல்லிவிட்டு, எந்த மருத்துவமனை என்று வைப்பரில் ஒரு சீட்டு செருகிவிட்டுப் போங்கள். பரிதாபப்பட்டு நாயை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டால் விஷயம் திருட்டுப் புகாராகத் திரும்பும். வெறுமனே மூச்சிரைக்கும் நாயைப் பார்த்த மாத்திரத்தில் கல்லை எடுத்தவருக்கு 19-ஆம் பிரிவு உதவும் என்று சொல்ல மாட்டோம்.

உரிமையாளருக்கு என்ன தண்டனை என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஆம், ஐம்பது ரூபாய். பார்க்கிங் கட்டணமே பல இடங்களில் அதற்கு மேல்.

கேள்வி: கார் கண்ணாடி சுலபத்தில் உடையாது என்கிறார்களே? (வாசகர், கோவை)

எந்தக் கண்ணாடி என்பதைப் பொறுத்தது. முன் கண்ணாடியைத் தொடாதீர்கள். அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது; சிலந்தி வலை போல் கீறல் விழுமே தவிர வழி திறக்காது. பக்கக் கதவுக் கண்ணாடி பெரும்பாலான வண்டிகளில் டெம்பர்டு வகை, உடைந்தால் கற்கண்டு மாதிரி பொலபொலவென்று உதிரும். சில விலை உயர்ந்த கார்களில் பக்கக் கண்ணாடியும் ஒட்டுக் கண்ணாடியாக இருக்கும். கண்ணாடியின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் 'டெம்பர்டு' அல்லது 'லேமினேட்டட்' என்று அச்சிட்டிருப்பார்கள், ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய் பின் சீட்டில் என்றால் முன் கதவுக் கண்ணாடி, முன்னால் என்றால் பின் கதவு. நாயிடமிருந்து தூரமாக இருப்பதே கணக்கு. நடுவில் அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நடுப்பகுதி வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும், கை எகிறும். கீழ் மூலையில், ஓரத்திலிருந்து ஓரிரு அங்குலம் உள்ளே, கூர்மையான கடினமான முனையால் அடிக்க வேண்டும். பேருந்துகளில் மாட்டியிருக்கும் சிறு அவசரச் சுத்தியல் சரியான கருவி. இல்லையென்றால் வீல் ஸ்பேனரின் முனை, அல்லது உங்கள் காரின் ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றினால் வரும் இரும்புக் கம்பி. செங்கல் வேண்டாம், உடையும்போது அது உள்ளே போய் நாய் மேல் விழும். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடியுங்கள்.

உடைந்ததும் அவசரப்பட்டுக் கதவைத் திறக்காதீர்கள். மிரண்ட நாய் நேரே சாலைக்குப் பாயும். பெல்ட்டையோ துப்பட்டாவையோ சுருக்குப் போட்டுக் கழுத்தில் மாட்டியபிறகு திறக்கவும். உள்ளிருந்து கதவைத் திறந்தால் அலாரம் அலறும், அலறட்டும். மூளைக்குச் சூடேறிய நாய் எஜமானரையே கடிக்கும். கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும்.

கேள்வி: வெளியே எடுத்தபின் என்ன செய்வது? ஈரத்துண்டு போர்த்தி ஆட்டோவில் டாக்டரிடம் ஓடுவதுதானே? (வாசகி, வேலூர்)

இல்லை. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் பயணம். காரிலிருந்து மீட்ட நாய் ஆட்டோவில் செத்துப்போவது இந்த வரிசை மாறுவதால்தான்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் வெப்பத் தாக்கு. 43-ஐ நெருங்கினால் குடல், சிறுநீரகம், மூளை என்று உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கெடும். அந்த உயரத்தில் எத்தனை நிமிடம் நின்றது என்பதே பிழைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

நிழலில் படுக்கவையுங்கள், தார்ச்சாலையில் வேண்டாம். தண்ணீர் ஊற்றுங்கள். பனிக்கட்டித் தண்ணீர் தேவையில்லை, நாயின் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் வேலை செய்யும். ஒரு எச்சரிக்கை: மே மாத மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் முதல் பக்கெட் கொதிக்கும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயும் அப்படியே. மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, சூடு போனபின் ஊற்றுங்கள். பார்க்கிங்கில் கைக்குக் கிடைப்பது 20 லிட்டர் கேன் தண்ணீர்தான். லாப்ரடார் அளவு நாய்க்கு இரண்டு கேன் ஆகும். வயிறு, தொடையிடுக்கு, முன்காலின் அக்குள், கழுத்து, பிறகு உடம்பு முழுக்க. ரோமத்தின் மேலாக வழிந்தோடினால் பயனில்லை. விரலால் ரோமத்தை விலக்கித் தோல் நனையும்படி ஊற்ற வேண்டும். மூக்கிலும் வாயிலும் விடக் கூடாது.

தண்ணீரோடு காற்றும் வேண்டும். அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒருவர் விசிறிக்கொண்டே இருக்கட்டும். ஈரத்துண்டு போர்த்தினால் இந்தக் காற்றுதான் தடைபடும். துண்டு சில நிமிடங்களில் உடம்புச் சூட்டுக்கு வந்து, கம்பளி மாதிரி வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

ஆசனவாயில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் 39.5-க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மூச்சிரைப்பு தணிவதும் உடம்பு நடுங்க ஆரம்பிப்பதும் அடையாளம். அதன்பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தால் சூடு தேவைக்கும் கீழே இறங்கிவிடும், குட்டிகளுக்கும் சிறிய இனங்களுக்கும் குறிப்பாக.

எழுந்து நிற்கும் நாய்க்குக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் வையுங்கள், அதுவாகக் குடிக்கட்டும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீரோ குளுக்கோஸோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். காய்ச்சல்தானே என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் இல்லை, மருந்துக்கு இறங்காது. நாய்க்கு அது நஞ்சாகவும் முடியலாம்.

குளிர்ந்தபின் ஏசி ஓடும் காரில் மருத்துவமனைக்கு. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லோருக்கும் தெரிந்த இடம். வாலாட்டுகிறதே, சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. சிறுநீரகச் செயலிழப்பும் ரத்தம் உறையாமல் போவதும் அடுத்த ஒன்று முதல் மூன்று நாளில்தான் வெளியே தெரியும். வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி, கறுப்பு மலம், சிறுநீர் குறைவது ஆகியவற்றைப் பார்த்தால் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: நான் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுவிட்டுத்தான் போகிறேன். அதுவுமா தப்பு? (வாசகர், திருச்சி)

நம்பக் கூடாத ஏற்பாடு. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் சூடேறினால் கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும், அதன்பிறகு வென்ட்டில் வருவது வெறும் அனல். பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் சில, குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் தாமாக அணைந்துவிடும். நாய் கியரைத் தட்டும், பவர் விண்டோ பட்டனில் கால் வைக்கும். மூடிய அடித்தள பார்க்கிங்கில் புகை வேறு. சில மின்சார கார்களில், நிறுத்திவிட்டுப் போனாலும் செல்லப் பிராணிக்காக ஏசியை ஓடவிடும் 'பெட் மோட்' இருக்கிறது. பேட்டரி குறைந்தால் அதுவும் நிற்கும். கடைக்குப் போகிற வேலைக்கு நாயை வீட்டிலேயே விட்டுப் போங்களேன்.

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். இங்கே சட்டம் எப்படி? மகன் கலிபோர்னியாவில், அங்கே உடைக்கலாம் என்கிறான். (வாசகி, ஈஸ்ட் ஹாம்)

மகன் சொல்வது சரி. கலிபோர்னியாவில் 2017 முதல் சட்டமே அனுமதிக்கிறது, ஆனால் நிபந்தனையோடு: கதவு பூட்டியிருக்க வேண்டும், ஆபத்து உடனடியானதாக இருக்க வேண்டும், உடைக்கும் முன் போலீஸுக்கோ தீயணைப்புக்கோ சொல்லியிருக்க வேண்டும், தேவைக்கு மேல் பலம் காட்டக் கூடாது, அதிகாரிகள் வரும்வரை நாயோடு நிற்க வேண்டும். எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் இப்படி இல்லை.

உங்கள் ஊரில் அப்படித் தனி உரிமை கிடையாது. 1971-ஆம் ஆண்டின் குற்றச் சேதச் சட்டத்தில், நிலைமை தெரிந்திருந்தால் உரிமையாளரே சம்மதித்திருப்பார் என்று நீங்கள் உண்மையாக நம்பியிருந்தால் அது சட்டப்படி ஏற்கத்தக்க காரணம். 999-க்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வெளியே 22 டிகிரிதானே என்று அங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு அளவீடுகள் தொடங்கியதே அந்த மாதிரி நாட்களில்தான்.

கேள்வி: என் நாயைக் காப்பாற்ற யாரோ கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் கிடைக்குமா? (பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகர்)

முழுக் காப்பீடு எடுத்திருந்தால் கேட்கலாம். கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ஆனால் கட்டாயக் கழிவுத் தொகையை நீங்கள்தான் ஏற்க வேண்டும், நோ கிளைம் போனஸும் போகும். ஒரு பக்கக் கண்ணாடிக்குக் கைக்காசு போட்டுவிடுவதே லாபமாக இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். உடைத்தவர் மேல் புகார் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம். நாயைப் பூட்டிவிட்டுப் போனது யார் என்று ஸ்டேஷனில் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள்.