500 மைலுக்குள் ஒரு தேசியப் போட்டி: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் கூடைப்பந்து டிரா, அதாவது யார் யாரோடு எங்கே மோதுவது என்ற அட்டவணை, திங்கள்கிழமை வெளியாகும். மறுநாளே உங்கள் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3 ஆண்கள் போட்டியைப் பற்றியவை. மகன் ஆடும் அணிக்காக எழுதிய பெற்றோர் இருக்கிறார்கள். படித்து முடித்து ஊர் மாறிய பிறகும் பழைய கல்லூரியை மறக்காதவர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கடிதத்திலும் ஒரே ஆதங்கம்: எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி அமைந்தது? அதனால் இந்த இதழில் வேறு கேள்விகள் எதையும் எடுக்கவில்லை.

என் மகனுடைய அணி இந்த சீசனில் நன்றாக ஆடியது. முதல் சுற்றிலேயே இன்னொரு டெக்சாஸ் அணியோடு மோத விட்டிருக்கிறார்கள். அதுவும் எங்களுக்கு நிகரான அணி. 64 அணிகளில் எங்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?
– ஒரு தாய், டெக்சாஸ்

கிடைத்திருப்பார்கள் அம்மா. ஆனால் 500 மைலுக்குள் கிடைத்திருக்க மாட்டார்கள்.

டிவிஷன் 3 டிராவில் தரவரிசையைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தை விரிக்க வேண்டும். போட்டி நடக்கும் ஊர் 500 மைலுக்குள், அதாவது சுமார் 800 கிலோமீட்டருக்குள் இருந்தால் அணி பேருந்தில் போக வேண்டும். அதைத் தாண்டினால் என்.சி.ஏ.ஏ. விமானச் செலவை ஏற்கும். ஆகவே டிரா போடும் குழு விமானங்களின் எண்ணிக்கையை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்க்கிறது. மாசசூசெட்ஸ், நியூயார்க், பென்சில்வேனியா, ஒஹாயோ, விஸ்கான்சின் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதில் கஷ்டம் இல்லை. பேருந்து தூரத்தில் டஜன் கணக்கில் அணிகள் இருக்கின்றன. டெக்சாஸ் கல்லூரிகளுக்கும் பசிபிக் கரைக் கல்லூரிகளுக்கும் அப்படி இல்லை. உங்கள் பக்கத்து அணிகள் இரண்டும் தனித்தனி ஊருக்குப் போனால் இரண்டு விமானம். இரண்டையும் ஒன்றோடொன்று ஆடவிட்டால், தோற்ற அணிக்கு அடுத்த வாரம் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. கணக்கு அவ்வளவுதான்.

இதைக் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. என்.சி.ஏ.ஏ. வருமானத்தில் டிவிஷன் 3-க்கு ஒதுக்கப்படுவது 3.18 சதவீதம். 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், கூடைப்பந்து மட்டுமல்லாமல் நீச்சல், ஓட்டம், கால்பந்து என்று எல்லாவற்றின் தேசியப் போட்டிகளும் அதற்குள் நடந்தாக வேண்டும். ஆனாலும் என் கருத்தை மறைக்க மாட்டேன். ஒரு மாநிலத்தின் மிகச் சிறந்த இரண்டு அணிகளில் ஒன்று முதல் நாளே வீட்டுக்குப் போவது நியாயமில்லை. இன்னும் மூன்று நான்கு விமானங்களுக்குப் பணம் ஒதுக்கினால் டெக்சாஸ், கலிபோர்னியா, வாஷிங்டன் மாநில அணிகளின் குறையில் பெரும்பகுதி தீரும். அந்தப் பணத்தை எங்கிருந்தாவது தேடித்தான் ஆக வேண்டும்.

எங்கள் அணிக்குக் கிடைத்த டிரா நல்லதா கெட்டதா என்று எப்படிக் கணிப்பது? எதிரணிகளின் வெற்றி தோல்வி எண்ணிக்கையைப் பார்த்தால் போதுமா?
– வாசகர், ஒஹாயோ

போதவே போதாது. எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

முதல் வாரம் நான்கு அணிகள் ஒரே கல்லூரியில் கூடும்; இந்த நான்கும் சேர்ந்தது ஒரு கட்டம். வெள்ளிக்கிழமை இரண்டு ஆட்டம், சனிக்கிழமை அவற்றில் வென்ற இருவரும் மோதுவார்கள். ரசிகர்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை எதிரணியைப் பற்றியே பேசுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது சனிக்கிழமையை. வெள்ளி இரவு இரண்டாவது ஆட்டம் முடியப் பத்து மணி ஆகிவிடும். மறுநாள் மாலையே மறுபடி களத்தில் இறங்க வேண்டும். பயிற்சிக்கென்று நாள் கிடையாது. காலையில் வீடியோ, மதியம் மெதுவாக ஒரு ஒத்திகை, அவ்வளவுதான் நேரம். ஆகவே வழக்கத்துக்கு மாறான பாணியில் ஆடும் அணி உங்கள் கட்டத்தின் மறுபாதியில் இருந்தால் கவலைப்படுங்கள். முழு மைதானத்திலும் துரத்தித் துரத்தி அழுத்தம் கொடுக்கும் அணியையோ, 30 விநாடி கடிகாரம் தீரும்வரை பந்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் அணியையோ ஒரே பகலில் படித்துத் தயாராவது கடினம். ஒரு வாரம் அவகாசம் இருந்தால் எந்த கோச்சும் சமாளிப்பார்.

அடுத்தது, எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பது. நான் ஒரு சிறு கல்லூரி ஜிம்மில் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து ஏடு எழுதுகிறவன். அங்கிருந்து பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது பாயின்ட் அல்ல, ஃபவுல். ஒரு வீரருக்கு ஐந்து ஃபவுல் ஆனால் அவர் வெளியே. ஒரு பாதியில் எதிரணி மொத்தமாக ஏழாவது ஃபவுலைச் செய்ததும் நமக்கு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடையில் எறியும் வாய்ப்பு, வரத் தொடங்கும். முதல் வீச்சு விழுந்தால்தான் இரண்டாவது. பத்தாவது ஃபவுலிலிருந்து இரண்டும் நிச்சயம். ஏழு பேரை மட்டும் வைத்துச் சமாளிக்கும் அணி சனிக்கிழமை இரண்டாம் பாதியில் இந்த இடத்தில்தான் வழுக்கும். கால் தளர்ந்தால் கை நீளும், கை நீண்டால் ஃபவுல். ஆட்ட அறிக்கைகளை எடுத்து, கடைசி ஐந்தாறு ஆட்டங்களில் யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று பாருங்கள். ஒரு முக்கிய வீரரின் நிமிடங்கள் திடீரென்று குறைந்திருந்தால் அவருக்குக் காயம் இருக்கலாம் என்று ஊகிக்கலாம். சிறு கல்லூரிகளில் காயப் பட்டியலை யாரும் முறையாக வெளியிடுவதில்லை.

மூன்றாவதாக, வெளியூர் ஆட்டங்கள். சொந்த ஜிம்மில் எல்லாரையும் துவைத்தெடுத்துவிட்டு வெளியூரில் தடுமாறிய அணியை நான் நம்புவதில்லை. சிறிய ஜிம்மில் மாணவர்கள் கூட்டம் கோட்டுக்கு நாலடி தள்ளி நின்று கத்தும். கூரை தாழ்ந்திருக்கும், கூடைக்குப் பின்னால் சுவர் ஒட்டி இருக்கும். தூரத்திலிருந்து எறிகிறவனுக்கு அந்தப் பின்னணி பழகுவதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். 'நாங்கள் அவர்களை வென்றோம், அவர்கள் இவர்களை வென்றார்கள், ஆகவே நாங்கள் இவர்களை வெல்வோம்' என்ற சங்கிலிக் கணக்கு. நவம்பரில் ஆடிய அணியும் மார்ச்சில் ஆடும் அணியும் ஒன்றல்ல.

இருபது வெற்றிக்கு மேல் பெற்றும் எங்கள் அணிக்கு இடம் கிடைக்கவில்லை. எங்களைவிடக் குறைவாக வென்றவர்கள் உள்ளே இருக்கிறார்கள். இது எப்படி?
– முன்னாள் மாணவர், மாசசூசெட்ஸ்

64 இடங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை லீக் சாம்பியன்களுக்கே போய்விடும். பலவீனமான லீக்காக இருந்தாலும் அதன் சாம்பியனுக்கு இடம் உறுதி. அந்த உரிமையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மிச்சமுள்ள சில இடங்களுக்குத்தான் உங்களைப் போன்றவர்கள் மோதுகிறீர்கள். 2024–25 சீசனிலிருந்து அந்த இடங்களை என்.பி.ஐ. என்ற கணக்கீட்டு எண் முடிவு செய்கிறது. வெற்றி விகிதம், எதிரணிகளின் பலம் இரண்டும் அதில் சேரும். வெளியூரில் வென்றால் மதிப்பு கூடும். முன்பு குழுவினர் உட்கார்ந்து விவாதித்து எடுத்த முடிவுகளைவிட இது மேல். கோபம் வந்தாலும் விடையைச் சரிபார்க்க முடிகிறது.

லேசான எதிரணிகளை வைத்து இருபது வெற்றி சேர்த்தால் இந்த எண் உயராது. இன்னொரு விஷயமும் உங்களை அடித்திருக்கும். வேறொரு லீக்கின் இறுதி ஆட்டத்தில் பலமான அணி எதிர்பாராமல் தோற்றால், வென்ற அணி சாம்பியனாக உள்ளே வரும், தோற்ற அணி மிச்ச இடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். வரிசையின் ஓரத்தில் நின்றவருக்குக் கதவு அடைபடும். அதனால்தான் அந்தக் கடைசி வார இறுதியில், அனுபவமுள்ள ரசிகர்கள் முன்பின் தெரியாத லீக்குகளின் முன்னணி அணிகளுக்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் அணிதான் கட்டத்தில் உயர்ந்த நிலை. ஆனால் ஆட்டம் வேறு கல்லூரியில் நடக்கிறதே?
– வாசகி, பென்சில்வேனியா

உங்கள் கல்லூரியின் பெண்கள் அணியும் தகுதி பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஜிம்மில் ஒரே வார இறுதியில் இரண்டு போட்டிகளை நடத்த முடியாது. முதல் வாரத்தை யார் நடத்துவது என்ற முன்னுரிமை ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆண்டுக்கு ஆண்டு மாறிவரும். இந்த வாரம் பெண்களுடையது என்றால் ஆண்கள் பேருந்து ஏற வேண்டும். இது சரியான ஏற்பாடு என்பதே என் எண்ணம். அது காரணம் இல்லையென்றால் மறுபடியும் 500 மைல்தான். உங்கள் ஊருக்கு மூன்று அணிகளும் பேருந்தில் வர முடியாவிட்டால், வர முடிகிற ஊருக்கு நீங்கள் போவீர்கள்.

டிரா அமைந்தும் ஆட முடியாமல் போன அணிகள் உண்டா?
– வாசகர், நியூயார்க்

2020-ஐ நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. யெஷிவா பல்கலைக்கழகத்தின் அணியை உங்கள் ஊர்க்காரர் என்ற முறையில் அறிந்திருப்பீர்கள். யூத மாணவர்கள் குல்லாவோடு ஆடும் அணி. வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வுநாள், ஆடக் கூடாது. வெள்ளி, சனி என்றே அமைந்த போட்டியில் அவர்களுக்காக வெள்ளி ஆட்டத்தைப் பகலிலும் சனி ஆட்டத்தை இருட்டிய பிறகும் வைத்தார்கள். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அந்த ஆட்டங்களை நடத்தியது. கொரோனா அச்சத்தால் பார்வையாளர்களை உள்ளே விடவில்லை. மார்ச் 6 அன்று காலி இருக்கைகளுக்கு முன்னால் யெஷிவா 102-78 என்று வூஸ்டர் பாலிடெக்னிக்கை வென்றது. மறுநாளும் வென்று, தொடர்ந்து 29 வெற்றிகளோடு கடைசி 16-க்குள் நுழைந்தது. மார்ச் 12 அன்று எல்லாப் போட்டிகளும் ரத்து. மறுநாள் ஆட வேண்டிய 16 அணிகளும் அப்படியே நின்றன. முந்தைய ஆண்டு இறுதி ஆட்டத்தில் தோற்ற ஸ்வார்த்மோரும் அதில் ஒன்று. 2021-இல் போட்டியே நடக்கவில்லை. 2022-இல் ராண்டால்ஃப்-மேக்கன் கோப்பை வென்றபோது மகிழ்ந்தேன். 2020-இல் நின்றுபோன 16 அணிகளில் அதுவும் ஒன்று. ஆனால் 2020-இல் நான்காம் ஆண்டு படித்தவர்களுக்கு அந்த ஆட்டம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இந்த டிவிஷனில் ஆடி என்.பி.ஏ. போனவர்கள் இருக்கிறார்களா?
– மாணவர், இல்லினாய்

மிகச் சிலர். ஆக்ஸ்பர்க் கல்லூரியின் டெவியன் ஜார்ஜை 1999-இல் லேக்கர்ஸ் முதல் சுற்றிலேயே எடுத்தது. டங்கன் ராபின்சன் முதலாம் ஆண்டில் வில்லியம்ஸ் கல்லூரிக்காக 2014 இறுதி ஆட்டத்தில் ஆடினார். விஸ்கான்சின்-வைட்வாட்டர் கடைசி விநாடிகளில் 75-73 என்று வென்றது. பிறகு ராபின்சன் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறி, என்.பி.ஏ.வின் மயாமி ஹீட் வரை போனார். மற்றவர்களுக்கு இங்கே விளையாட்டு உதவித்தொகைகூடக் கிடையாது. ஆய்வகத் தேர்வை எழுதிவிட்டுப் பேருந்து ஏறுகிற பிள்ளைகள் இவர்கள்.

பக்கத்து ஊர் அணிகளையே சேர்த்துப் போட்டால் இறுதி ஆட்டத்தில் எப்போதும் தூரத்து அணிகள்தானே மோதும்?
– வாசகர், கனெக்டிகட்

அப்படி இல்லை. 2025-இல் இந்தியானாவின் ஃபோர்ட் வெய்னில் நடந்த இறுதியில் உங்கள் மாநிலத்து டிரினிட்டி, நியூயார்க் பல்கலைக்கழகத்தை 64-60 என்று வென்று முதல் கோப்பையை எடுத்தது. இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே காரில் சில மணி நேரம்தான். வடகிழக்கில் அணிகள் நிறைய, அதனால் டிராவின் எதிரெதிர் பகுதிகளில் பிரித்து வைக்க முடிகிறது. டெக்சாஸ்காரருக்கு இந்த வசதியும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் அணிக்கு மிகக் கடினமான டிரா. எட்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய் ஒரே ஆட்டத்தில் திரும்ப நேரிட்டால்? போகலாமா?
– ஒரு தந்தை, மின்னசோட்டா

போங்கள். இந்த ஆட்டங்களில் ஒரு கூடையில் எல்லாமே மாறும். 2017-இல் பாப்சன் கோப்பை வென்றது 79-78. 2023-இல் கிறிஸ்டோபர் நியூபோர்ட் வென்றது 74-72. ஜிம் சிறியதாக இருந்தால் நுழைவுச்சீட்டு சீக்கிரம் தீரும். நடத்தும் கல்லூரி விருந்தினர் அணிக்கென்று ஒரு பங்கை ஒதுக்கியிருக்கிறதா என்று உங்கள் மகனின் கோச்சிடம் இன்றே கேளுங்கள். எதிரணி பெஞ்சுக்குப் பின்னால் அல்லாமல் உங்கள் பெஞ்சுக்குப் பின்னால் இடம் பிடியுங்கள், பையன்களுக்குக் குரல் கேட்கும். வெள்ளிக்கிழமை உங்கள் ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் மற்ற ஆட்டத்தையும் உட்கார்ந்து பாருங்கள். விடுதி அறையை இரண்டு இரவுக்குப் பதிவு செய்யுங்கள்.