இரண்டு விழுக்காட்டு வேகம் உண்மைதானா?

கேள்வி: போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் மூலநிரலில் அடிக்கடி அழைக்கப்படும் ஒரு செயற்கூற்றிலிருந்து, தேவையற்ற நினைவகப் படியெடுப்பு ஒன்றை நீக்கினேன். அதனுடன் வரும் வேகச் சோதனைக் கருவியான பிஜிபெஞ்ச் கொண்டு ஒரு நிமிடம் ஓட்டியபோது வேகம் 2 விழுக்காடு கூடியது. மறுநாள் 1 விழுக்காடு குறைந்தது. எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்ப வேண்டாம். திருத்தத்தை அளக்கும் முன் உங்கள் கணினியின் தடுமாற்றத்தை அளந்துகொள்ளுங்கள். திருத்தப்படாத நிரலையே 'பழையது', 'புதியது' என்று பெயரிட்டு மாறி மாறி ஓட்டுங்கள். அதற்குள்ளேயே 3 விழுக்காடு வேறுபாடு வந்தால், 2 விழுக்காட்டைப் பற்றி அந்தச் சோதனை எதையும் சொல்லாது. பழையதை முழுவதும் ஓட்டி முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்குவதும் தவறு. செயலி சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொண்டால் அந்தப் பழி உங்கள் திருத்தத்தின் மேல் விழும்.

பிஜிபெஞ்சின் இயல்பான சோதனை ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தரவை மாற்றி எழுதுவதால், வட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் மிச்சப்படுத்திய நானோநொடிகள் காணாமல் போய்விடும். போதாக்குறைக்கு, செக்பாயின்ட்டும் (மாறிய தரவை வட்டில் எழுதிவைக்கும் வேலை) ஆட்டோவேக்குவமும் (பயனற்றுப்போன பழைய வரிசைகளைத் துடைக்கும் பின்னணி வேலை) இடையில் புகுந்து கணக்கைக் குலைக்கும். எனவே வாசிப்பு வினவல்களை மட்டும் ஓட்டும் தெரிவை எடுத்து, தரவு முழுவதும் நினைவகத்தில் அடங்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். நிரல் தன்னையே சரிபார்த்துக்கொள்ளும் அசெர்ட் சோதனைகளை இயக்கித் தொகுத்த நிரலில் வேகத்தை அளக்கவே கூடாது. இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பொறி உண்டு. சூழல் மாறிகளின் (நிரல் தொடங்கும்போது அதற்குக் கிடைக்கும் அமைப்பு மதிப்புகளின்) அளவும், கோப்புகள் இணைக்கப்படும் வரிசையும்கூட ஒரு நிரலின் வேகத்தை மாற்றக்கூடும் என்று 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தொடர்பற்ற ஒரு வரியைச் சேர்த்தாலே நிரலின் அமைவிடம் நகர்ந்து இப்படி நேரலாம். எஸ்கியூலைட் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளின் குழுவினர் நுண்திருத்தங்களை மதிப்பிடக் கடிகாரத்தை நம்பாமல், கேஷ்கிரைண்ட் என்ற ஆய்வுக் கருவி எண்ணித்தரும், செயலி நிறைவேற்றிய கட்டளைகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். கடிகார நேரம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறினாலும், அந்த எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே திரும்ப வரும். இவ்வாறு சேர்ந்த சிறு திருத்தங்களால் 2014-இன் 3.8.7 பதிப்பு பெருமளவு வேகம் பெற்றது. ஆனால் கட்டளைகள் குறைந்தால் நேரமும் குறைந்தே தீரும் என்பதில்லை. கேஷ் தவறுகளும் (தேவையான தரவு செயலியின் விரைவு நினைவகத்தில் இல்லாமல் போவது) கிளைக் கணிப்புப் பிழைகளும் (நிரல் அடுத்து எந்த வழியில் செல்லும் என்று செயலி தவறாக ஊகிப்பது) தனிக்கணக்கு.

திருத்தத்தை அனுப்பும்போது சராசரியை மட்டும் தராமல் எல்லா ஓட்டங்களின் எண்களையும், அமைப்புகளையும், ஓட்டிய ஸ்கிரிப்டையும் இணையுங்கள். எந்தச் சூழலில் அது வேகத்தைக் குறைக்கக்கூடும் என்று நீங்களே தேடி, அந்த அளவீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். மறுஆய்வு செய்பவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.