அமெரிக்கக் கடற்படை விமானப் பயிற்சியில் 3 வாங்கினால் தோல்வியா?

உங்கள் அக்கா மகன் ஃபுளோரிடாவில் வைட்டிங் ஃபீல்டு தளத்தில் டி-6பி விமானத்தில் பயிற்சி எடுக்கிறான், மார்க் தாளில் வரிசையாக 3 வருகிறது, ஐந்துக்கு மூன்று என்றால் அறுபது சதவீதம்தானே, பையன் தேறுவானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரம்ப நாட்களில் 3 வருவதுதான் இயல்பு. முதலில் அந்த அறுபது சதவீதக் கணக்கை விட்டுவிடுங்கள்.

நான் அந்தத் தளம் இருக்கும் மில்டன் ஊரில்தான் குடியிருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு வருவோர் பெரும்பாலும் இந்த மாணவர்கள்தான். அவர்களோடு பேசிப் பேசித்தான் எனக்கு இது புரிந்தது.

1 என்றால் பயிற்றுநர் செய்து காட்டினார், அவ்வளவுதான். 2 என்றால் மாணவனால் முடியவில்லை. 3 என்றால் பாதுகாப்பாகச் செய்கிறான், ஆனால் தடுமாற்றம் இருக்கிறது. 4 என்றால் பிசகினாலும் தானே கவனித்து உடனே சரிசெய்கிறான். 5 அதற்கும் மேலே. இந்த அளவுகோல் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் ஒன்றுதான். புதிதாக வந்தவன் என்று சலுகை கிடையாது. பயிற்சி முடிக்கும் விமானியிடம் எதிர்பார்க்கும் தரத்தை வைத்தே முதல் தரையிறக்கத்தையும் அளப்பார்கள். அப்புறம் அதில் 4 எப்படி வரும்?

மாறுவது குறைந்தபட்ச எதிர்பார்ப்புதான். பயிற்சியைப் பல பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிளாக் முடியும்போதும் எந்தெந்த வேலையில் எந்த மார்க்கை எட்டியிருக்க வேண்டும் என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் அதை ‘மிஃப்’ என்பார்கள். தரையிறக்கத்துக்கு ஒரு பிளாக்கில் 3 போதும் என்று இருக்கும். பின்னால் வரும் பிளாக்கில் அதுவே 4 ஆகும். பிளாக்கின் நடுவில் குறைந்தாலும் பரவாயில்லை, முடியும்போது எட்டியிருக்க வேண்டும். ஆகவே அதே 3 இன்று சரியான மார்க், சில வாரம் கழித்துப் போதாத மார்க். அவனிடம் விசாரிப்பதானால் மிஃப் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பறக்காமலேயே ஒரு பயிற்சிப் பயணத்தில் தோற்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. புறப்படும் முன் பயிற்றுநர் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். இன்ஜின் அணைந்தால் உடனே செய்ய வேண்டியவை போன்ற அவசரகாலப் படிகளை வார்த்தை பிசகாமல் சொல்ல வேண்டும். தடுமாறினால் அங்கேயே தோல்வி எழுதிவிடலாம். அதனால்தான் பக்கத்து வீட்டுப் பையன்கள் சாயங்காலம் கொல்லைப்புறத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, வலது கையில் விமானத்தைத் திருப்பும் பிடியாக ஒரு குச்சி, இடது கையில் இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் இருப்பதாகப் பாவனை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ‘பறப்பார்கள்’. முதல்முறை பார்ப்பவருக்கு விசித்திரமாக இருக்கும். எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் வந்தது.

ஒரு பயணம் தோற்றால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். கூடுதல் பயிற்சி தருவார்கள். மறுபடி மறுபடி சறுக்கினால் முன்னேற்றச் சோதனை, அதிலும் தவறினால் இறுதிச் சோதனை. அதற்கு மேல்தான் வெளியேற்றும் பேச்சு.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. தேர்ச்சி வேறு, போட்டி வேறு. இந்த முதல்நிலைப் பயிற்சி முடிந்ததும் மார்க்கையெல்லாம் கூட்டி, அதே படைப்பிரிவில் அண்மையில் முடித்தவர்களோடு ஒப்பிட்டு ஒரு தரப்புள்ளி போடுகிறார்கள். அதில் சராசரி 50. அடுத்த கட்டத்தில் ஹெலிகாப்டர் போன்றவை அல்லாமல் ஜெட் வேண்டுமானால் பொதுவாக அதற்கு மேல் இருக்க வேண்டும். மிஃப் அளவோடு நிறுத்திக்கொள்பவன் தேறிவிடுவான், ஆனால் இந்தப் புள்ளியில் பின்தங்குவான்.

என் கணிப்பில் புள்ளி ஏறுவது சாகசப் பறத்தலில் அல்ல. பொது அறிவு, சரிபார்ப்புப் பட்டியல், அவசரகால நடைமுறை, சூழலைக் கவனிக்கும் திறன் ஆகியவை திரும்பத் திரும்ப மார்க் தாளில் வரும் வரிகள். இவற்றில் பெரும்பகுதிக்கு உழைப்பு போதும், பிறவித் திறமை தேவையில்லை. தாராளமாக மார்க் போடும் பயிற்றுநர் கிடைப்பாரா என்று ஏங்குவதைவிட இந்த வரிகளில் ஒவ்வொரு மார்க்காகச் சேர்ப்பவனை நான் நம்புவேன்.

புள்ளி நன்றாக இருந்தும் ஜெட் கிடைக்காமல் போவதுண்டு. தேர்வு நடக்கும் வாரத்தில் கடற்படைக்கு ஹெலிகாப்டர் விமானிகள் அதிகம் தேவைப்பட்டால் இடங்களும் அதற்கேற்பத்தான் வரும்.