நாகர்கோவில் பக்கம் வீட்டு மீன் தொட்டியில் எந்த மீன்களைச் சேர்த்து விடலாம்? கழுவி விட்டதும் ஏன் சாகின்றன?

கேள்வியில் இருக்கும் விவரம்: மூன்றடித் தொட்டி (36×12×15 அங்குலம்), கிணற்றுத் தண்ணீர். உள்ளே 2 ஏஞ்சல், 5 டைகர் பார்ப், 2 கோல்டு ஃபிஷ், 10 கப்பி, ஒரு சக்கர் (கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் கெளுத்தி). மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவுகிறீர்கள். கழுவிய இரண்டு மூன்று நாளில் ஒன்றிரண்டு மிதக்கிறது.

இந்தக் கூட்டம் ஒத்துப்போகாது என்பது உண்மைதான். ஆனால் சாவுக்கு முதல் காரணம் அது இல்லை, கழுவுதல். மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வருவது அம்மோனியா. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் 40 பிபிஎம் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) தாண்டாதவரை பெரிய தொல்லை இல்லை. பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, கல்லை வெயிலில் காயவைத்தால் அந்தப் பாக்டீரியா போய்விடும். மீன் மட்டும் அதே எண்ணிக்கையில் திரும்ப உள்ளே போகிறது. இரண்டாம் நாளுக்கு மேல் அம்மோனியா ஏறும். உங்கள் கணக்கும் அதே நாள்தான்.

இன்னொன்று, கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு நேராகத் தொட்டிக்குள் விடுவது. நிலத்தடித் தண்ணீரில் பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கும். ஒரு டம்ளர் எடுத்து உடனே பிஹெச் (புளிப்பு-காரத்தன்மை அளவு, 7 நடுநிலை) பாருங்கள். ஒரு பக்கெட்டில் ஏர் ஸ்டோன் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால், இத்தனை நாள் மீன் அந்த மாற்றத்தைத் தொட்டிக்குள் இருந்தபடியே தாங்கியிருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரைச் சில நாள் தொடாதீர்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் ஏர் ஓட்டினால் சாதாரண குளோரின் போய்விடும். அவசரத்துக்கு 100 லிட்டருக்கு 1 கிராம் சோடியம் தயோசல்ஃபேட் தாராளம்.

இனி எந்த மீன் என்பது. நம் மாவட்டத்தில் இதற்கு ஒரே பதில் கிடையாது. மார்த்தாண்டம், குலசேகரம், திருவட்டாறு என்று மேற்கே வெட்டுக்கல்லும் செம்மண்ணுமான இடங்களில் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, பிஹெச் 7-க்குக் கீழே நிற்கும். கடற்கரை ஓரம் அதே ஆழத்தில் உப்பும் கடினமும் கூடும். சோப்பு சட்டென்று நுரைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு இல்லை என்றால் உங்களுடையது மென்தண்ணீர். சோப்பு திரிந்து, பாத்திரம் வெளுத்தால் கடினத் தண்ணீர். பிஹெச், கேஹெச் (பிஹெச் விழாமல் தாங்கும் கார்பனேட் அளவு), அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் திரவ டெஸ்ட் கிட் ஒன்று வாங்கினால் ஊகமே வேண்டாம். ஏஞ்சல் வாங்கும் காசை முதலில் இதற்குப் போடுங்கள்.

உங்கள் தொட்டி விளிம்பு வரை நிரப்பினால் 106 லிட்டர். மேல் இடைவெளி, மணல், கல் கழித்தால் 85 முதல் 90. மென்தண்ணீருக்கு என் தேர்வு: கார்டினல் டெட்ரா 10, ஸ்டெர்பாய் கோரிடோரஸ் (அடியில் மேயும் சிறு கெளுத்தி) 6, ஹனி கௌராமி ஒரு ஜோடி. நியான் டெட்ரா மலிவு, ஆனால் அது 26 டிகிரிக்குக் கீழே இருக்க விரும்பும் மீன்; நம் ஊர் ஏப்ரல், மே மாதத்தில் தொட்டி சாதாரணமாக 29, 30 காட்டும். கார்டினலும் ஸ்டெர்பாயும் அந்தச் சூட்டைத் தாங்கும். கோரிடோரஸுக்கு அடியில் உருண்டையான நைஸ் மணல் வேண்டும், கூர்க்கல்லில் மீசை தேய்ந்துபோகும். அதற்காக மணவாளக்குறிச்சிப் பக்கம் கருமணலை அள்ளிவர வேண்டாம். இல்மனைட்டோடு மோனசைட்டும் கலந்தது அது, மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. சாதாரணக் கடற்கரை மணலும் சிப்பித் துகளால் மென்தண்ணீரைக் கெடுக்கும்.

கடினத் தண்ணீருக்கு பிளாட்டி 6, கப்பி 8. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கு. இல்லாவிட்டால் ஆண்கள் பெண்களை விடாமல் துரத்தி ஓய்ந்துபோகச் செய்யும். நாலு வாரத்துக்கு ஒரு முறை குஞ்சு போடும். அந்தத் தலைவலி வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் வாங்குங்கள். மோலியும் இந்தத் தண்ணீருக்கு ஏற்றது. மென்தண்ணீரில் மோலியை விட்டால் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்று நெளியும். அதை நோய் என்று எண்ணி மருந்து ஊற்றுகிறார்கள். கேட்பது தாது உப்பு.

மென்தண்ணீரில் இன்னொரு கண்ணி இருக்கிறது, நிறைய பேர் மாட்டுவது இதில்தான். அம்மோனியாவை மாற்றும் வேலையில் பாக்டீரியா தண்ணீரின் கேஹெச்சைத் தின்றுகொண்டே போகும். மென்தண்ணீரில் அது ஆரம்பத்திலேயே குறைவு. தீர்ந்ததும் பிஹெச் 6-க்குக் கீழே விழும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்தும், அம்மோனியா சேரும். பிஹெச் தாழ்ந்திருக்கும்போது அது விஷமற்ற அம்மோனியமாகவே கிடப்பதால் மீன் சும்மா திரியும், உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. அந்தச் சமயம் பாதித் தண்ணீரை மாற்றி பிஹெச்சை 7-க்கு மேல் தூக்கினால், சேர்ந்திருந்ததில் ஒரு பகுதி அம்மோனியாவாகத் திரும்பும். பிஹெச் ஒன்று ஏறினால் விஷம் ஏறக்குறைய 10 மடங்கு. இரவோடு இரவாக எல்லாம் போய்விடும், "நல்ல தண்ணிதானே விட்டேன்" என்று நிற்போம். தடுக்க, நன்றாகக் கழுவிய சிப்பி ஓட்டுத் துண்டு 100 கிராமை வலைப்பையில் கட்டி ஃபில்டர் ஓட்டத்தில் வையுங்கள். தண்ணீர் புளிக்கப் புளிக்கக் கரையும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். அவசரத்துக்கு ஆப்பச் சோடா: 100 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கேஹெச்சை 2 டிகிரி அளவு ஏற்றும். ஒரே நாளில் அதற்கு மேல் வேண்டாம். அம்மோனியா ஏற்கெனவே ஏறியிருந்தால் சோடாவைத் தொடாமல், தினமும் 10 சதவீதம் மாற்றி முதலில் அதைக் குறையுங்கள்.

பராமரிப்பு சிறியதுதான். வாரம் 25 சதவீதம், ஏர் ஓட்டி வைத்த தண்ணீர். ஹோஸ் வைத்து அடிக்கழிவை உறிஞ்சுங்கள். பஞ்சை, எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு அலசு. தீனி இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு, வாரம் ஒரு நாள் பட்டினி. புதுத் தொட்டியென்றால் மீன் விடுவதற்கு முன் பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம். தெரிந்தவர் ஓடும் ஃபில்டரிலிருந்து பஞ்சுத்துண்டு தந்தால் பாதி நாள் மிச்சம். புது மீனை 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில், ஸ்பஞ்ச் ஃபில்டர் போட்டு, மூன்று வாரம் தனியே வையுங்கள். பையில் வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

ஜூனிலும் ஐப்பசியிலும் மழை இறங்கும் வாரம் வெண்புள்ளி நோய் வரும். இரவுக் குளிரில் தண்ணீர் சட்டென்று இறங்குவதுதான் தூண்டுதல். 100 வாட் ஹீட்டரை 28-ல் வைத்தால் போதும். வந்துவிட்டால் மெதுவாக 30-க்கு ஏற்றி, ஏர் கூட்டி, 1 லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு. புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடரவும். கோரிடோரஸ் இருந்தால் உப்பைப் பாதியாக்குங்கள்.

கறண்டு போனால் முதலில் தீனியை நிறுத்துங்கள். கூட்டம் குறைந்த தொட்டி சில மணி நேரம் தாங்கும். பிறகு அரைமணிக்கு ஒரு தடவை மக்கில் கோரி ஓரடி உயரத்திலிருந்து ஊற்றலாம், பேட்டரி ஏரேட்டர் இருந்தால் நிம்மதி. 2017 ஒக்கி புயலில் பல ஊர்களில் நாட்கணக்கில் கறண்டு இல்லாமல் கிடந்தது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லாவிட்டால் கறண்டு போகும்போது குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி வந்து பம்ப் கெடும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

இப்போது உள்ளே இருப்பவற்றுக்கு: டைகர் பார்ப் ஏஞ்சலின் நீண்ட துடுப்பையும் கப்பி வாலையும் கடிக்கும், ஐந்தாக இருக்கையில் இன்னும் மோசம்; எட்டுக்கு மேல் தனித் தொட்டியில் வைத்தால் தங்களுக்குள் விளையாடிக்கொள்ளும். ஏஞ்சலுக்கு 15 அங்குல உயரம் போதாது, வளர்ந்ததும் கப்பிக் குஞ்சை விழுங்கும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம். சக்கர் ஒரு அடியைத் தாண்டும். இந்த நாலையும் கடையில் திருப்பிக் கொடுங்கள், விலை கிடைக்காது, பரவாயில்லை. சக்கரையும் மிஞ்சும் கப்பிக் குஞ்சையும் குளத்திலோ கால்வாயிலோ விட வேண்டாம். சக்கர் நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது, அதன் முட்களால் வலையும் கிழிகிறது. கடைக்காரர் வாங்க மறுத்தால் பெரிய சிமெண்ட் தொட்டி வைத்து வளர்ப்பவரைத் தேடுங்கள்.