மூன்று கிலோ கூடினால் போதும்

கேள்வி: வயது 29. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. 33ஆம் வாரத்தில் திடீரென்று பனிக்குடம் உடைந்து மகள் பிறந்தாள். இப்போது பத்து மாதம், நன்றாக இருக்கிறாள், தாய்ப்பால் கொடுக்கிறேன். கர்ப்பத்துக்கு முன் 46 கிலோ இருந்தேன், இப்போது 41. உயரம் 154 செ.மீ. “ஒல்லிக்குச்சி வயிற்றில் பிள்ளை எப்படித் தங்கும்?” என்கிறார் மாமியார். அடுத்ததைச் சீக்கிரம் பெறச் சொல்வதும் அவரேதான். என் உடம்புதான் காரணமா?
- பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்ப்போம். 154 செ.மீ. உயரத்துக்கு 46 கிலோ என்றால் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடை அளவு) 19.4. 18.5க்குக் கீழே போனால்தான் எடைக் குறைவு. மகளைச் சுமந்தபோது உங்கள் எடை சரியாகத்தான் இருந்திருக்கிறது. பனிக்குடம் முன்கூட்டியே உடையத் தொற்று, கருப்பை வாயின் நீளம் சீக்கிரமே குறைவது என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. பலருக்குக் கடைசிவரை காரணம் தெரியாது. அந்தப் பழியை இறக்கி வையுங்கள்.

ஆனால் இப்போதைய 41 கிலோ வேறு கதை. பி.எம்.ஐ. 17.3. ஒருமுறை 37 வாரத்துக்கு முன்னால் பெற்றவர்களுக்கு மறுபடியும் அப்படி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எடைக் குறைவோடு அடுத்த கர்ப்பம் தொடங்கினால் ஆபத்து இன்னும் கூடும். நீங்கள் எட்ட வேண்டியது 44 கிலோ. மூன்றே கிலோ!

அதற்காக மைலோவையும் கெட்டிப்பாலையும் கரைத்துக் குடிக்க வேண்டாம். எடை அளவுக்கு மீறினால் இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) வந்து, டாக்டர்களே பிள்ளையை முன்கூட்டி எடுக்க வேண்டி வரலாம். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் பசியோடு படுத்துவிடுகிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். படுக்குமுன் இரண்டு முட்டை, ஒரு தட்டு சோறு, பருப்பு, கெம்புங் மீன் (கானாங்கெளுத்தி). வேலைக்கு ஒரு டப்பா வறுத்த கடலை. நன்றாகச் சாப்பிட்டும் தராசு முள் ஏறவில்லை என்றால் தைராய்டு, இரத்தசோகை, சர்க்கரை மூன்றையும் சோதித்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடுமாறி எடை இறங்குவது உண்டு.

மாமியாரின் ‘சீக்கிரம்’ மட்டும் வேண்டாம். மகளுக்கு இரண்டு வயதாகட்டும், பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு முயலலாம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் இடைவெளியும் அதுதான். அவரிடம் அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டியது உங்கள் கணவர், நீங்கள் இல்லை.

எடை கூடிவிட்டால் எல்லாம் சரி என்றும் இருந்துவிடாதீர்கள். கருத்தரிக்கும் முன்பே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) போய், குறைமாதப் பிரசவம் ஆனதைச் சொல்லி, ஃபோலிக் அமில மாத்திரை கேளுங்கள். நாள் தள்ளியதும், 12 வாரத்துக்கு முன்பே பதிந்துவிடுங்கள். சிறுநீரில் கிருமி இருந்தால் அப்போதே தெரியும், மருந்தும் உண்டு. 16 முதல் 24 வாரத்துக்குள் கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளக்கச் சொல்லுங்கள். 25 மி.மீ.க்குக் குறைந்தால் புரோஜெஸ்டிரோன் மருந்தோ, கருப்பை வாயில் தையலோ போடுவார்கள். மிஸ்ஸி (தாதி) கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். மகள் பிறந்தபோது மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் தாளையும் கர்ப்பகாலப் பரிசோதனைகளைக் குறித்த பழைய பிங்க் புத்தகத்தையும் இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். வீடு மாறும்போது முதலில் தொலைவது அவைதான்.