கப்பல் நிற்கிற நேரத்தில் எதைப் பார்ப்பது?

பயணம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கிருஷ்ணகிரியிலிருந்து சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போய் வரும் அக்காவின் பதில்கள். இந்த முறை கப்பல் கேள்விகள் மட்டும்.

கேள்வி: அக்கா, அரையாண்டு லீவில் குடும்பத்தோடு சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறோம். மலேசியாவின் பினாங்கில் ஒரு நாள், தாய்லாந்தின் புக்கெட்டில் ஒரு நாள் நிற்கும். பினாங்குக்குக் காலை 9 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது. வீட்டுக்காரருக்கு மலை ரயில் பார்க்க ஆசை, பையனுக்குக் கடல் விளையாட்டு, அத்தைக்குக் கோவில். அத்தைக்கு முட்டி வலி வேறு. கப்பல் கம்பெனியின் டூர் எடுத்தால் நாலு பேருக்கு நிறைய ஆகிறது. வெளியே நாங்களே வண்டி பிடித்துக்கொள்ளலாமா?
ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் அந்த 9 மணி நேரக் கணக்கை விட்டுவிடுங்கள். காலை 9 என்றால் கப்பல் கரையைத் தொடும் நேரம். கயிறு கட்டி, அந்த ஊர் அதிகாரிகள் அனுமதி கொடுத்து, இறங்கும் வரிசை நகர்ந்து, நீங்கள் தரையில் கால் வைக்கும்போது 10 ஆகிவிடும். மாலை 6 என்பதும் கப்பல் புறப்படும் நேரம்தான். எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால். அதிலிருந்தும் ஒரு மணி நேரத்தை நான் தொடவே மாட்டேன். மழை, டிராஃபிக், கழிவறை வரிசை, தொலைந்த செருப்பு எல்லாம் அந்த ஒரு மணிக்குள் அடங்கும். ஆக, உங்கள் கையில் இருப்பது 6 மணி நேரம். அதில் சாப்பாட்டுக்கு ஒன்று போய்விடும்.

ஒகேனக்கல்லில் பார்த்திருப்பீர்களே, வேனில் 11 மணிக்கு வந்து இறங்கி, எண்ணெய்க் குளியல், பரிசல், மீன் வறுவல், முதலைப் பண்ணை எல்லாவற்றையும் 4 மணிக்குள் முடிக்கப் பார்ப்பவர்களை? பரிசலில் உட்கார்ந்தும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். துறைமுகத்திலும் அதேதான் நடக்கும். ஒரு ஊருக்கு ஒரு பெரிய விஷயம், அதன் பக்கத்திலேயே நடந்து போகிற தூரத்தில் ஒன்றிரண்டு சின்ன விஷயம். அதற்கு மேல் வேண்டாம்.

சரி, பினாங்குக்கு வருவோம். அங்கே உங்களுக்குப் பெரிய வசதி, கப்பல் நிற்கிற சுவெட்டன்ஹாம் துறையே ஜார்ஜ் டவுன் நகரத்தின் வாசலில் இருக்கிறது. 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய நகரம் அது. துறையை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. இன்னும் கொஞ்சம் போனால் லிட்டில் இந்தியா. குயின் ஸ்ட்ரீட்டில் 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோவில் இருக்கிறது. அங்கே பூக்கடைக்காரரிடம் தமிழிலேயே வழி கேட்கலாம். மாரியம்மன் கோவில் வாசலில் உங்கள் அத்தை நிற்கும்போது நாம் சொந்த ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிடும். என்னோடு வந்த பல பெரியவர்களின் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801-இல் அதை எழுப்பியவர் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர். ஒரே தெரு நெடுகச் சீனக் கோவில், மாதாகோவில், பள்ளிவாசல் என்று அடுத்தடுத்து வரும். இதற்குக் கம்பெனி டூர் தேவையே இல்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். அத்தைக்கு நடக்க முடியாத இடத்தில் மட்டும் வண்டி கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: நம் ஊர் மாதிரியே நடுப்பகலில் நடை சாத்துகிற கோவில்கள் உண்டு. அதனால் கோவில் முதலில், கடைத்தெரு பிறகு.

மலை ரயில் ஆயர் ஈத்தாமில் இருக்கிறது. ரோடு காலியாக இருந்தால் துறையிலிருந்து அரை மணி. 1923-இல் ஓடத் தொடங்கிய ரயில், நன்றாகவே இருக்கும். ஆனால் டிசம்பர் கடைசியில் அங்கேயும் விடுமுறைக் கூட்டம். டிக்கெட்டுக்கு ஒரு வரிசை, ஏற ஒரு வரிசை, இறங்க இன்னொரு வரிசை. முட்டி வலிக்காரரை அதில் நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டுக்காரரும் பையனும் கப்பலை விட்டு இறங்கியதுமே வண்டி பிடித்து மலைக்குப் போகட்டும். நீங்களும் அத்தையும் கோவிலுக்குப் போங்கள். குடும்பமாக வந்துவிட்டுப் பிரிந்து போவதா என்று யோசிக்க வேண்டாம், நாலு பேரும் நிம்மதியாக இருப்பதுதான் முக்கியம். மறுபடி சந்திக்கும் இடம் கப்பலாகவே இருக்கட்டும். தெருவில் எங்காவது சந்திப்பதாக வைத்துக்கொண்டால், ஒருவருக்காக இன்னொருவர் காத்திருந்து இரண்டு பேரும் தாமதமாவீர்கள்.

புக்கெட் கதை வேறு. பல கப்பல்கள் அங்கே கரையைத் தொடாமல் படோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். டெண்டர் என்பார்கள். எண் போட்ட சீட்டு வாங்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பெனி டூர் எடுத்தவர்களை முதலில் இறக்குவார்கள், மற்றவர்கள் அப்புறம். திரும்பும்போதும் கடற்கரையில் வரிசை. இப்படிப்பட்ட இடத்தில் பீபீ தீவுக்கோ பாங்கா விரிகுடாவுக்கோ தனியாகப் படகு பேசிக்கொண்டு போகவே கூடாது. போவதென்றால் கம்பெனி டூரில் போங்கள். அவர்கள் டூர் தாமதமானால் கப்பல் நிற்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் அது கிளம்பிவிடும், அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். நீங்கள் கட்டுகிற கூடுதல் பணம் இந்த உறுதிக்குத்தான். எனக்கு அது நியாயமான விலையாகவே படுகிறது.

பையனுக்குத் தீவு இல்லாமலே படோங் கடற்கரையே போதும். அப்பாவோடு அனுப்புங்கள். ஜெட் ஸ்கீ எடுத்தால் கிளம்பும் முன் வண்டியைச் சுற்றிச் சுற்றி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளட்டும். திரும்பி வந்ததும் "இந்தக் கீறல் நீங்கள் போட்டது" என்று பணம் கேட்கிற வழக்கம் அங்கே உண்டு. அத்தை அன்று கப்பலிலேயே இருக்கட்டும். அலை இருந்தால் டெண்டர் படகு மேலும் கீழுமாக ஆடும். ஊழியர்கள் இரண்டு கையையும் பிடித்துச் சரியான நொடியில் இறக்குவார்கள்தான், ஆனாலும் முட்டிக்கு அது பாடு.

இன்னொன்று, மணி. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர், மலேசிய நேரத்தைவிட ஒரு மணி பின்னால். கப்பல் எந்த நேரத்தை வைத்துக்கொள்கிறதோ அதுதான் உங்களுக்கும் நேரம். முந்தின இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் அதைப் போட்டிருப்பார்கள். போன் கரையைத் தொட்டதும் தானாக மாறிக்கொள்ளும், அதை நம்பாதீர்கள். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டி, கப்பல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதே தாளில் துறைமுக ஏஜென்ட்டின், அதாவது அந்த ஊரில் கப்பல் கம்பெனிக்காக வேலை பார்ப்பவரின், போன் எண் இருக்கும். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கப்பல் போர்ட் கிளாங்கில் 8 மணி நேரம் நிற்கும். பத்துமலை முருகன், இரட்டைக் கோபுரம், கோலாலம்பூர் கடைத்தெரு மூன்றும் முடியுமா?
ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: முடியாது. கப்பல் நிற்கிற முனையம் புலாவ் இண்டா என்ற தீவில் இருக்கிறது. அங்கிருந்து கோலாலம்பூருக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல், பத்துமலையோ அந்த நகரத்தையும் தாண்டி வடக்கே. போக வரவே பாதி நேரம் போய்விடும். முருகனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2006-இல் திறந்த 42.7 மீட்டர் சிலையை அண்ணாந்து பார்த்து, 272 படி ஏறி, குகைக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டாமா? கோபுரத்தை வண்டியில் போகும்போது பார்த்தால் போதும், மேலே ஏற டிக்கெட் எடுக்காதீர்கள். முட்டி மறையும் உடை போடுங்கள். கையில் பழமோ பிஸ்கெட்டோ தெரியும்படி வைத்துக்கொண்டு படியேறினால் குரங்கு விடாது. இவ்வளவு தூரம் என்பதால் இங்கே கம்பெனி டூர்தான் என் சிபாரிசு.

கேள்வி: பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொள்வார்களாமே, தைரியமாகக் கொடுக்கலாமா?
ஒரு வாசகர், ஊத்தங்கரை

பதில்: கொடுக்கலாம். பல வழித்தடங்களில் அது வழக்கம். கொடுக்கும் முன் போட்டோ பக்கத்தையும் விசா பக்கத்தையும் நகல் எடுத்து, கரைக்குப் போகும்போது கொண்டுபோங்கள். சிங்கப்பூரில் கிளம்பி அங்கேயே திரும்பி இறங்குபவர்கள், விசாவில் ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதி இருக்கிறதா என்று கிளம்பும் முன்னே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் போவதாகக் கேள்விப்பட்டோம். அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போக ஆசை. திருகோணமலையில் இறங்கினால் சிகிரியா மலையும் பார்த்துவிடலாமா?
ஒரு வாசகி, தருமபுரி

பதில்: 2023 ஜூனில் அந்தப் பயணம் தொடங்கியது. ஹம்பந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நிறுத்தங்கள். சிகிரியா திருகோணமலையிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பெரியவர்களோடு அந்த வெயிலில் அவ்வளவு தூரம் போய் மலையும் ஏறித் திரும்புவது நடக்காத காரியம். திருகோணமலையிலேயே இருங்கள். சம்பந்தர் பதிகம் பாடிய கோணேசர் கோவில், பிரெட்ரிக் கோட்டைக்குள்ளே, கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கிற பாறை உச்சியில். பழைய கோவிலைப் போர்த்துகீசியர் 1620-களில் இடித்தார்கள், இப்போது இருப்பது பின்னால் எழுந்தது. பாறை விளிம்பில் நின்று கடலைப் பார்க்க மட்டும் அரை மணி ஒதுக்குங்கள். அப்புறம் கன்னியா வெந்நீர் ஊற்று, ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு மாதிரி. வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு ஒரு மாற்றுப் புடவையும் அப்பாவுக்கு ஒரு வேட்டியும் கைப்பையில் இருக்கட்டும்.